மே 22ஐ யார் நினைக்கிறார்கள்?

மே மாதம் பிறந்தால் எம்மவரின் நாட்காட்டி நிரம்பிவிடும். 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 18இல் முள்ளிவாய்க்கால், மாத முடிவில் யாழ் நூலகம் எரிந்த இரவு. அடுத்து கறுப்பு யூலை, பின்பு நவம்பர் 27. மண்டபம் எடுக்கப்படும், சுடர் ஏற்றப்படும், ஜெனீவாவுக்கு பஸ் விடப்படும். இவற்றில் எதனையும் இழித்துரைக்க நான் வரவில்லை. செத்தவர்களை எண்ணி அழாத சமூகம் ஒரு சமூகமே அல்ல. ஆயினும் இதே மாதத்தில் இன்னொரு திகதி இருக்கிறது. 1972 மே 22. அதற்கு மண்டபமும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. 2022இல் அதற்கு ஐம்பது வயதானபோது நாமெல்லோரும் காலிமுகத்திடல் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று நடந்ததென்ன? இலங்கை குடியரசாகியது. சோல்பரி யாப்பு தூக்கி எறியப்பட்டது. அதனுடன் 29வது பிரிவும் போயிற்று. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடுத்த பிரிவு அது. இதைச் செய்தவர்கள் யார் என்பதை எம் இடதுசாரி நண்பர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1970 தேர்தலில் 151 ஆசனங்களில் 116ஐ வென்ற ஐக்கிய முன்னணி. அதில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அடக்கம். யாப்பை வரைந்த அமைச்சர், 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய அதே கொல்வின் ஆர். டி சில்வா. பழைய யாப்பின் விதிப்படி அதைத் திருத்த அவர்கள் முயலவில்லை. நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடி, பழைய சட்டத்தின் தொடர்ச்சியையே வேண்டுமென்று அறுத்தார்கள். உடுவில் உறுப்பினர் தர்மலிங்கம் 1971இல் அங்கு சமஷ்டித் திருத்தமொன்றை முன்மொழிந்தார். தோற்கடிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி வெளியேறியது. (அந்த மனிதரை 1985இல் கொன்றவர்கள் சிங்களவர் அல்லர் என்பதும் எங்கள் நாட்காட்டியில் இல்லாத ஒரு திகதி.)

29வது பிரிவு எங்களைக் காப்பாற்றியதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது அது காப்பாற்றவில்லை; பிரிவி கவுன்சிலும் 1953இல் கையை விரித்துவிட்டது. 1956ஐயும் அது தடுக்கவில்லை. ஆனால் கோடீஸ்வரன் வழக்கை எடுத்துப் பாருங்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையின் பெயரால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட ஓர் அரசாங்க எழுதுவினைஞர் அவர். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், தனிச்சிங்களச் சட்டம் 29வது பிரிவுக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம், அரச ஊழியர் அரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லி அதைத் தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில், தொடுக்கலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு விடை வரமுன் 1972 வந்துவிட்டது. வேலி ஓட்டை விழுந்ததுதான். ஆயினும் அதை ஒரு சாதாரண எழுதுவினைஞர் பிடித்துக்கொண்டு லண்டன்வரை போகக்கூடியதாக இருந்தது. அதன்பின் பிடிக்க எதுவும் இருக்கவில்லை.

ஊரில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் 1972 யாப்பை நான் படிப்பித்திருக்கிறேன். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருக்கையில் பிரிவும் உபபிரிவும் யாருக்கு வேண்டும்? அதெல்லாம் அப்புக்காத்துமாரின் விவகாரம் என்றே ஒரு தலைமுறை வளர்ந்தது. இயக்கங்களும் அப்படித்தான் வளர்த்தன. பிணம் விழாத நாள் எங்களுக்கு வரலாற்று நாள் ஆவதில்லை.

நான் வாழும் இந்த நாட்டுக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. ஓகஸ்ட் 1ஆம் திகதி தொழிற்சாலை பூட்டு. 1291இன் பெயரால் மலையுச்சிகளில் தீ மூட்டுகிறார்கள். அந்தக் கொண்டாட்டமே 1891இல் தொடங்கியது. முழு விடுமுறையானது 1993 வாக்கெடுப்பின் பின். இன்றைய சுவிஸை ஆக்கிய 1848 செப்டெம்பர் 12க்கு விடுமுறை கிடையாது. ஆனால் அவர்கள் மறந்தது திகதியை மட்டும்தான். அன்று கட்டியதற்குள்தான் குடியிருக்கிறார்கள். 1847 நவம்பரில் ஏழு கத்தோலிக்கக் கன்ரன்களுடன் உள்நாட்டுப் போர். ஏறக்குறைய நூறு பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு வென்றவர்கள் எழுதிய யாப்பில் தோற்ற கன்ரனுக்கும் மேற்சபையில் அதே இரண்டு ஆசனம். இன்றும் நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரிக்கு இரண்டு, பதினைந்து இலட்சத்தைத் தாண்டிய சூரிச்சுக்கும் இரண்டு.

1872 மே மாதம் இங்கு அதிகாரத்தை மத்தியில் குவிக்கும் புதிய யாப்பொன்று வாக்கெடுப்புக்கு வந்தது. எங்கள் மே 22க்குச் சரியாக நூறு ஆண்டு முந்தி. பிரெஞ்சு பேசுவோரும் கத்தோலிக்கரும் எதிர்த்தனர். ஐந்தாயிரம் வாக்குகளால் அது தோற்றது. கன்ரன்களிலும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பேசினார்கள், பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள், 1874இல் நிறைவேற்றினார்கள். சுவிஸைப் புனிதமாக்குகிறேன் என்று யாரும் பாயவேண்டாம். பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கொடுக்க 1971வரை இழுத்தவர்கள் இவர்கள். மெதுவாக நடப்பதற்கு அதுவும் ஒரு விலை. எனினும் எண்ணிக்கையில் சிறியவனுக்கு, வேகமாக ஓடும் பெரும்பான்மையைவிட மெதுவாக நடக்கும் பெரும்பான்மை ஆபத்துக் குறைந்தது. இதைச் சொல்வதற்காக என்னைப் பழைமைவாதி என்றால், பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 1970இல் மூன்றில் இரண்டு கிடைத்தது, 1972 யாப்பு வந்தது. 1977இல் 168இல் 140 கிடைத்தது, 1978 யாப்பு வந்தது. 2024 நவம்பர் 14இல் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159. யாழ் மாவட்டத்திலும் ஆறில் மூன்று. புதிய யாப்பு என்பது அவர்களின் தேர்தல் வாக்குறுதி. அதன் தாய்க்கட்சியான ஜே.வி.பி., 13வது திருத்தத்தை 1987 தொட்டு ஆயுதத்துடன் எதிர்த்தது. வடக்குக் கிழக்கு இணைப்பை 2006இல் வழக்குப் போட்டு உடைத்தது. அவர்களுக்கும் ஒரு வீரர் நாள் உண்டு, நவம்பர் 13. எங்கள் 27க்கு இரண்டு கிழமை முந்தி. இரு நாளிலும் நினைக்கப்படுவோரில் பலர் 1987 ஏற்பாட்டை எதிர்த்துச் செத்தவர்களே.

13ஐ எம்மவர் பரிகசிப்பது எனக்குத் தெரியும். அது சொத்தை என்பதும் தெரியும். மாகாண சபை அத்தியாயத்தைத் திருத்தும் மசோதாவை அச்சபைகளிடம் அனுப்பிக் கருத்தறிய வேண்டுமென்று அதில் ஒரு விதி உண்டு. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2024இல் இந்த அரசு வந்தபோது ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலும் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. தேர்தலை முடக்கிய 2017 சட்டத்துக்குக் கூட்டமைப்பும் கை உயர்த்தியது. இந்த நிலையில் எங்களில் சிலர், 13 ஒழிந்தால் நல்லது, பிறகு சமஷ்டி கேட்கலாம் என்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தின் பாதுகாப்புத் தகடு வெடித்துப்போனால், அதைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்ட எவருக்கும் அனுமதியில்லை. சமஷ்டியை நானும் விரும்புகிறேன். அது கையில் வரும்வரை இருப்பதை விடக்கூடாது, மாகாணத் தேர்தலைக் கேட்டு நச்சரிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு சிறு யோசனை. 29வது பிரிவையும் தர்மலிங்கத்தின் திருத்தத்தையும் தமிழில் இந்த ஏட்டிலேயே அச்சிடலாம். அடுத்த மே 22இல் அதைப் படித்துப் பேச மண்டபம் தேவையில்லை. சூரிச்சில் ஓர் அறையும் பத்துப் பன்னிரண்டு கதிரையும் போதும். பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தால் இரவு வேலைக்குப் போகமுன் நானும் வரலாம்.