இலைவண்டும் உண்மையறியும் குழுவும்

பூச்சியை அடையாளம் காண்பது விஞ்ஞானக் காரியம், அதில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. பெயரிடும் உரிமை யார் கையில் இருக்கிறது, பெயரிடும்போது எது வெட்டி எறியப்படுகிறது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

இலைவண்டுகள் என்று நாம் சொல்லும் கிறிசோமெலிடே குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 35,000க்கும் மேல். நம் பக்கத்து வண்டுகளுக்குப் பெயர் வைக்கிற வேலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிகளுக்கு ஃபப்ரீசியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து லத்தீன் பெயர் சூட்டினார். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் இலைவண்டுக்கான முதல் தொகுதி 1908இல் வந்தது. எழுதிய மார்ட்டின் ஜாக்கோபி தொழிலால் வயலின் கலைஞர்; நூல் வெளிவருமுன்பே 1907இல் இறந்துபோனார். அடுத்து 1919, 1926, 1936 என்று மூன்று தொகுதிகளை எழுதிய மௌலிக் இந்தியர்தான். ஆனால் அவர் புரட்டிப் பார்த்த வண்டுகள் லண்டன் அருங்காட்சியகத்தின் பெட்டிகளில் இருந்தன.

இந்தத் தொகுதிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. காலில் ஐந்து கணு இருந்தும் நான்காவது கணு மூன்றாவதற்குள் ஒளிந்துகொள்வதால் பார்வைக்கு நாலுதான் தெரியும். அப்படிப்பட்ட நுணுக்கத்தையெல்லாம் வைத்து வண்டைப் பிரித்துக் காட்டுகிற ஒழுங்கு அது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பல பதிவுகளில் ஊர்ப்பெயர் உண்டு, சேகரித்த துரையின் பெயர் உண்டு. எந்த இலையைத் தின்றுகொண்டிருந்தபோது பிடித்தார்கள் என்பது இல்லை. இலைவண்டுக்கு இலைதான் வாழ்க்கை. அதை உருவிவிட்டு ஊசியில் குத்தி வைத்தால் மிஞ்சுவது ஓடு.

செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் களை வெட்டுகிற பெண்களிடம் கேட்டால் அடையாளம் தலைகீழாக நடக்கும். முதலில் செடி, பிறகுதான் வண்டு. எருக்கில் இருப்பது எருக்கு வண்டு, பூசணியில் இருப்பது பூசணி வண்டு. உடனே ‘மக்கள் அறிவு’ என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. பூசணி வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்கிறது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே உயிர் என்பது புழுவை எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு அறிவுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. ஒன்றுக்கு மட்டும் புத்தகம் உண்டு என்பதே வித்தியாசம்.

இதை வெறும் வாதமாக விட்டுவிட முடியாது. வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தைப் பாருங்கள். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதைக் கையால் பிடுங்குகிறவர் நிலச்சொந்தக்காரர் அல்ல. அரிப்பும் தடிப்பும் மூச்சிரைப்பும் கூலிக்காரப் பெண்ணுக்குத்தான். இந்தச் செடியைத் தின்ன மெக்சிகோவிலிருந்து வரவழைத்த ஸைகோகிராமா பைகலோரேட்டா என்ற வண்டை 1984இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். வெளிர்நிற இறக்கையில் பழுப்புக் கோடுகள், சின்ன உருவம். மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும், வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும்.

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் அதே வண்டு சூரியகாந்தி இலையைத் தின்கிறது என்று கூச்சல் எழுந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. இதன் நெருங்கிய உறவான கொலராடோ வண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு முள்செடியை விட்டு உருளைக்கிழங்குக்குத் தாவிய வரலாறு உலகறிந்தது. 1950இல் அந்த வண்டை அமெரிக்க விமானங்கள் வீசியதாகக் கிழக்கு ஜெர்மனி பிரச்சாரமே செய்தது. இங்கே அரசு ஓர் உண்மையறியும் குழுவை அமைத்தது. லாக்கப் மரணத்துக்கு வைக்கிற பெயரிலேயே வண்டுக்கும் ஒரு குழு! ஆராய்ந்தவர்கள் கண்ட முக்கியமான விஷயம் இது: பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமேல் படிகிறது, அந்த வாசனையில்தான் வண்டு வாய் வைக்கிறது.

இலைமேல் உட்கார்ந்திருப்பது வேறு, கடித்துப் பார்ப்பது வேறு, முட்டையிட்டுப் புழு வளர்ந்து வம்சம் தழைப்பது வேறு. இந்த மூன்றையும் பிரிக்காமல் ‘உணவுச்செடி’ என்று எழுதிவிட முடியாது. ஆனால் அதிகாரம் எப்போதும் முதல் காட்சியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது: நின்ற இடம்தான் குற்றம். சந்தேகக் கேஸில் சேரிப் பையனைப் பிடிக்கிற போலீஸ் தர்க்கமும் இதுதான்.

நம் தோழர்களின் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘அந்நியக் களை’, ‘அந்நியப் பூச்சி’ என்று எழுதுகிறோம். பார்த்தீனியம், சூரியகாந்தி, அந்த வண்டு மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. காட்டில் நிற்கிற மக்காச்சோளமும் குழம்பில் போடுகிற மிளகாயும் அப்படித்தான். பிறந்த ஊரை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிக்கிற சொல்லாடலை மனிதர் விஷயத்தில் எதிர்த்துவிட்டு, செடி விஷயத்தில் கைக்கொள்வது என்ன நியாயம்? கேட்க வேண்டியது, அது இங்கே என்ன செய்கிறது, யார் உடம்பில் செய்கிறது என்பதுதான்.

களை வெட்டும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘இந்தக் கோடு போட்ட வண்டு எங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க, அந்த நாத்தச் செடியத்தான் திங்கும். ஆனா பூச்சின்னு பாத்தா மருந்தடிச்சிருவாங்க.’ விஷத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் வந்தபோதே எல்லா வண்டும் ‘பூச்சி’ ஆகிவிட்டது. பெயர் பொதுவாக ஆக ஆக, கொல்வது சுலபமாகிறது. தின்னும் வண்டு செத்தால் செடி நிற்கும். செடியைப் பிடுங்க மறுபடி அதே கைகள்தான் வர வேண்டும்.

எனவே என் கோரிக்கை சின்னது. ஊர்ப் பூச்சிகளைப் பட்டியலிடும் நண்பர்கள் லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் செடியின் பெயரை எழுதுங்கள். வண்டு அதில் உட்கார்ந்திருந்ததா, தின்றதா, அதன் புழு அங்கே வளர்ந்ததா என்று எழுதுங்கள். அதைச் சொன்னவர் சம்மதித்தால், சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் போடுங்கள். துரைமார் பெயருக்கு நூறு வருஷமாக இடம் இருக்கும்போது, அந்த அக்காவின் பெயருக்கு லேபிளில் இடமில்லை என்று சொல்ல முடியாது.