குறியிடாத கட்டம்

முதல் வேலைக்குப் போன மாணவிகள் பான் அட்டைக்காக நிரப்பிவந்த 49ஏ படிவத்தை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அதில் தந்தை பெயர் கட்டாயமாக இருந்தது, தாய் பெயர் விருப்பமிருந்தால். அட்டையில் எவர் பெயர் அச்சாக வேண்டும் என்றும் கேட்டது. குறியிடாமல் விட்டால் தந்தை பெயரே விழுந்தது. மௌனமும் அப்பாவின் கணக்கில்தான். (அம்மா பெயரில் குறியிட மறக்காதீர்கள் என்று வகுப்பில் சொல்லிவந்தேன்.) 2018 டிசம்பர் 5 முதல், தாய் தனியாக வளர்த்த பிள்ளைகளுக்குத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்றானது. நல்ல திருத்தம்தான். ஆனால், அம்மா ‘தனிப் பெற்றோர்’ என்று மகள் அறிவித்தாக வேண்டியிருந்தது. வீட்டிலேயே இருந்துகொண்டு ஒரு பருவக் கட்டணமும் கட்டாத அப்பா என்றால் அந்தக் கட்டம் அவளுக்கு உதவவில்லை. தந்தை பெயரை மட்டும் எழுதியவளிடமோ, அம்மா எங்கே என்று படிவம் கேட்டதேயில்லை.