நிற்காமல் ஓடும் சேதி

சாதாரண ஈதர்நெட்டில் சேதி முழுதாக வந்து சேர்ந்த பிறகே கருவி அதைப் படிக்கும். ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003-இல் அறிமுகப்படுத்திய ஈதர்கேட் அந்தக் காத்திருப்பையே ஒழித்துவிட்டது. பந்தியில் பரிமாறுபவர் நடந்தபடியே இலைக்கு இலை வைப்பதுபோல, ஒரே சேதிப்பொதி எல்லாக் கருவிகளின் வழியாகவும் ஓடுகிறது. மோட்டார் தன் கட்டளையைப் போகிற போக்கில் எடுத்துக்கொள்கிறது. சென்சார் தன் அளவீட்டை அதிலேயே ஏற்றிவிடுகிறது.

100 சர்வோ மோட்டார்களுக்கு ஒரு சுற்று 100 மைக்ரோநொடி!

வேகத்தைவிட அழகு அதன் கடிகாரம். வரிசையின் முதல் கருவி காட்டும் நேரமே மற்றவற்றுக்கும் மூலம். கம்பியில் உண்டாகும் தாமதமும் கணக்கில் சேர்வதால், கருவிகளுக்கிடையே விலகல் 1 மைக்ரோநொடிக்கும் குறைவு. அச்சு இயந்திரத்தின் நான்கு வண்ண உருளைகள் ஒரே புள்ளியில் பிசகாமல் மை பதிக்க இத்தகைய ஒத்திசைவுதான் வேண்டும்.