கருவிக்கு எழுதும் கட்டளை: நன்னூல் குற்றங்களோடு ஒரு வாசிப்பு

நிரல் எழுத உதவும் ஏஐ கருவிகளோடு ஒரு புதுவகை உரைநடையும் நம் கணினி மன்றங்களுக்குள் வந்திருக்கிறது. அறிவுறுத்தல் கோப்பு என்று சொல்லலாம். கிளாட் கோட் கருவிக்கு அது ‘கிளாட்.எம்டி’. கிட்ஹப் கோபைலட்டுக்கு வேறொரு பெயர். பல கருவிகளுக்கும் பொதுவாக 2025-இல் வந்தது ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’. பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றுதான்: நிரல்கள் இருக்கும் கோப்புறையில், சாதாரண மொழியில் எழுதி வைக்கும் ஒரு குறிப்பு. கருவி ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கும்போது அதை வாசித்துவிட்டுத்தான் நம் கேள்விக்கு வரும்.

இதைக் கணினி ஆசிரியரின் வேலை என்று தள்ளிவிட முடியாது. எதிரில் இல்லாத ஒரு வாசகருக்கு, அவர் திருப்பிக் கேட்காமலே புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டிய எழுத்து இது. அதுதானே நாம் வகுப்பில் கற்றுக்கொடுப்பது? ஆகவே இந்தக் கோப்புகளைத் தொழில்நுட்பமாகப் பார்க்காமல் எழுத்தாக வாசிப்போம். அளவுகோல் புதிதாகத் தேட வேண்டாம். பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் நான்கைந்து இங்கே நன்றாகவே பொருந்துகின்றன.

மாணவர்கள் எழுதும் கோப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “நீ அனுபவம் மிக்க நிரலாளர். தூய்மையான, தரமான நிரலை எழுது. சிறந்த நடைமுறைகளைப் பின்பற்று. தவறு செய்யாதே.” வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதுல செய்தி எங்கே? தரம் குறைந்த நிரலை எழுது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்த நான்கு வாக்கியத்தையும் எடுத்துவிட்டால் கருவி வேறு மாதிரி நடந்துகொள்ளுமா? பெரும்பாலும் இல்லை. நன்னூலார் இதை வெற்றெனத் தொடுத்தல் என்பார். கட்டுரைத் தாளில் ‘நல்ல நடையில் எழுதுக’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுக்கும் நமக்கும் இந்தக் குற்றத்தில் கொஞ்சம் பங்கு உண்டு. அதைப் படித்து எந்தப் பிள்ளைக்கு நடை வந்தது?

நல்ல கோப்பில் என்ன இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கணினி மன்ற மாணவர்கள் பைத்தானில் இரண்டு சிறு நிரல்கள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தமிழ்ச் சொல் விளையாட்டு. இன்னொன்று வகுப்புப் புள்ளிகளுக்குச் சராசரி காண்பது.

சொல் விளையாட்டில் முதல் சிக்கல் எழுத்தை எண்ணுவது. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானின் ‘லென்’ கட்டளை 5 என்றே விடை தரும். முதலாம் ஆண்டுப் பிள்ளை 3 என்று சரியாகச் சொல்லும். அடுத்தது வரிசை. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்து. சொற்களை அப்படியே வரிசைப்படுத்தினால் நம் அகராதி வரிசை வராது. கருவிக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கேட்டால் அழகாக விளக்கும். கேட்காதபோது பழகிய வழியிலேயே போய் ‘லென்’ என்று எழுதிவிடும், அதுதான் சங்கடம்.

புள்ளிப் பட்டியலில் இருப்பது இன்னும் நுணுக்கமானது. மலேசியப் பள்ளிப் பட்டியலில் ‘டிஎச்’ என்று இருந்தால் மாணவர் தேர்வுக்கு வரவில்லை என்று பொருள். அதைச் சுழியமாக எடுத்துக்கொண்டால் வகுப்புச் சராசரி தவறாகிவிடும். பெயர்களும் அப்படியே. மலேசியாவில் ஏ/எல், ஏ/பி, சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. இவற்றுக்குப் பின் வருவது தகப்பனார் பெயர். மேல்நாட்டு வழக்கத்தில் பழகிய நிரல் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து, “திரு. முனியாண்டி” என்று அப்பாவின் பெயரில் மகனுக்குக் கடிதம் அச்சடிக்கும்.

ஆக, கோப்பில் வர வேண்டிய வாக்கியங்கள் இவை: “எழுத்துகளை எண்ணும்போது லென் பயன்படுத்தாதே; உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள். டிஎச் என்பது சுழியம் அன்று, சராசரியில் சேர்க்காதே. பெயரைப் பிரிக்காதே, முழுப் பெயரையே பயன்படுத்து. பள்ளிக் கணினியில் புதிய நூலகங்களை நிறுவ அனுமதி இல்லை. பைத்தானோடு வருவதை மட்டும் கொள்.” ஒன்றிலும் பெயரடை அலங்காரம் இல்லை. ஒவ்வொன்றும் எழுதியவருக்குத் தெரிந்த, கருவி தானாக ஊகிக்க முடியாத அல்லது ஊகிக்க மறந்துவிடுகிற செய்தி. இதை எழுத முடிந்த மாணவர் தன் சிக்கலைப் புரிந்துகொண்டுவிட்டார். நிரலைவிட இந்தக் கோப்புக்கே முதலில் புள்ளி கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மிகைபடக் கூறல் பற்றி அதிகம் சொன்னால் நானே அந்தக் குற்றத்தில் விழுவேன். கிளாட் கோட் வழிகாட்டி 200 வரிக்குள் நிறுத்தச் சொல்கிறது. கோப்பு நீள நீள, முக்கியமான வரி கும்பலில் காணாமற்போகும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் நம் பிள்ளைகள் ‘மிக மிக முக்கியம்!!!’ என்று ஆச்சரியக்குறி அடுக்குகிறார்கள். பத்து இடத்தில் முக்கியம் என்றால் எது முக்கியம்?

மாறுகொளக் கூறல் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. கோப்பு ஒன்று மட்டும் அன்று. கணினி உரிமையாளரின் பொதுக் கோப்பு, திட்டத்தின் கோப்பு, உட்கோப்புறையின் கோப்பு என்று பல இருக்கலாம். ஏஜென்ட்ஸ்.எம்டி முறையில் திருத்தப்படும் நிரலுக்கு மிக அருகில் உள்ள கோப்புக்கே முதலிடம். எல்லாக் கருவிகளும் இப்படித் தீர்த்துவைப்பதில்லை. ஆசிரியர் “ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கக் குறிப்பு எழுது” என்று ஒரு கோப்பில் சொல்லி, மாணவர் “குறிப்புகள் வேண்டாம்” என்று இன்னொன்றில் சொன்னால், கருவி ஒருநாள் இதைக் கேட்கும், ஒருநாள் அதைக் கேட்கும். பிறகு கருவியைத் திட்டுவோம்.

இதைவிடப் பெரிய குழப்பம் வினைமுற்றில் இருக்கிறது. கோப்பில் உள்ளவை எல்லாம் ஏவல்: எழுது, செய், தொடாதே. முன்னிலையில் நிற்பவர் செய்தே தீர வேண்டும் என்ற தொனி. ஆனால் நடைமுறையில் அவற்றின் வலிமை வியங்கோளின் வலிமைதான், அதிலும் விதித்தல் அன்று, வேண்டல். கோப்பில் இருப்பது கருவி படித்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உரை. பெரும்பாலும் அதன்படி நடக்கும், ஆனாலும் அது பூட்டு ஆகாது. பூட்டு வேண்டுமானால் கருவியின் அனுமதி அமைப்புகளில், எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்தக் கட்டளையை ஓட்டலாம் என்று தனியாகத் தடுக்க வேண்டும். ‘மாணவர்களின் அடையாள அட்டை எண் உள்ள கோப்பைத் தொடாதே’ என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆசிரியர், அந்தக் கோப்பை அந்தக் கோப்புறையிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. கடவுச்சொல்லை அறிவுறுத்தல் கோப்பில் எழுதவே கூடாது. அந்தக் கோப்பு நிரலோடு சேர்ந்து மற்றவர்கள் கைக்கும் போகும்.

“விடையைக் கொடுக்காதே, மாணவரிடம் கேள்வி மட்டும் கேள்” என்று ஆசிரியர்கள் தயாரித்துக் கொடுக்கும் கோப்பும் இதே இனம். நோக்கம் நல்லது. கற்க விரும்பும் பிள்ளைக்கு அது உண்மையில் உதவும். விரும்பாத பிள்ளை அந்த வரியை அழித்துவிட்டுத் தொடரும், அதற்கு இரண்டு விநாடி போதும். தேர்வு அறைக்குள் கருவி கூட வராது என்பதை அந்தப் பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கோப்பிடம் ஒப்படைக்க முடியாது.

கோப்பையே கருவியிடம் எழுதச் சொல்லலாமே என்று கேட்பார்கள். கிளாட் கோட்டில் அதற்கு ‘இனிட்’ என்றொரு கட்டளையே உண்டு. நிரலை அலசி ஒரு வரைவு தரும். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, எப்படிச் சோதனை ஓட்டுவது என்பதை ஒழுங்காகவே எழுதும். ஆனால் நிரலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் அதனால் சொல்ல முடியும். டிஎச் பற்றிய செய்தி நிரலில் இல்லை, நம் ஆசிரியர் அறையில் இருக்கிறது. வரைவை வாங்கிக்கொண்டு பாதியை வெட்டிவிட்டு அந்த வரியைச் சேர்ப்பவரே கோப்பின் ஆசிரியர்.

தமிழில் எழுதலாமா? தாராளமாக. மாணவர் தெளிவாகச் சிந்திக்கும் மொழியில் எழுதட்டும். கட்டளைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் மட்டும் நிரலில் உள்ளபடியே விட்டுவிடச் சொல்லுங்கள், மொழிபெயர்த்தால் கருவி தேடிக்கொண்டிருக்கும்.