'எல்லாம் நார்மல்'னு சொன்ன பிறகு

மேல்வலி, கிறக்கம், நெஞ்சுப் படபடப்பு, வயித்துல ஒரு எரிச்சல். ஈசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு டாக்டர் சொல்றார். ஆனா வலி அப்படியே இருக்கு. ஃபைல் கட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த டாக்டர், அப்புறம் வர்ம ஆசான், திரும்பவும் ஒரு ஸ்கேன். நெய்யூர், திங்கள்சந்தைப் பக்கம் இப்படி அலையற ஒருத்தரையாவது தெரியாத வீடு இருக்காது. மருத்துவத்துல இதுக்குப் பேரு 'காரணம் பிடிபடாத உபாதைகள்'.

இவங்களை எப்படிக் கவனிக்கணும்னு நம்ம பக்கத்துலயே, இலங்கையில, மனநல மருத்துவர் அத்துல சுமதிபாலவும் குழுவினரும் ரெண்டு ஆய்வு செஞ்சிருக்காங்க. 2000ல வந்த முதலாவது சின்னது, 68 பேர். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பயிற்சி தர்ற சிகிச்சையை (சிபிடி) வழக்கமான கவனிப்போட ஒப்பிட்டாங்க. சிபிடி ஜெயிச்சது, நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வர்றதும் குறைஞ்சது.

2008ல வந்த ரெண்டாவதுல 150 பேர். பாதிப் பேருக்கு, சுருக்கமாப் பயிற்சி எடுத்த பொது மருத்துவர்களே சிபிடி கொடுத்தாங்க. மீதிப் பேருக்கு சிபிடி கிடையாது. ஆனா அதே மாதிரி நாள் குறிச்சு, அரை மணி நேரச் சந்திப்புகள். மூணு கட்டாயம், தேவைப்பட்டா இன்னும் மூணு. முடிவுல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல.

இதை 'சிபிடி தோத்துடுச்சு'ன்னு படிக்கிறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. சாஃப்ட்வேர்ல ரெண்டு புது வெர்ஷனை ஒண்ணோட ஒண்ணு சோதிச்சுட்டு, பழைய வெர்ஷனை ஓடவே விடலைன்னா என்ன தெரியும்? எது மேல்னு தெரியும். பழசை விட மேலான்னு தெரியாது. இங்க விடுபட்டது அந்தப் பழைய வெர்ஷன்தான், அதாவது வழக்கமான கவனிப்பு. ஆய்வாளர்களே இந்தக் குறையைச் சொல்லியிருக்காங்க. நாள்பட்ட உபாதை தானா சரியாகியிருக்க வாய்ப்பு குறைவுன்னும் வாதாடறாங்க. அதை முழுசா ஏத்துக்க எனக்குத் தயக்கம். நோவு உச்சத்துல இருக்கும்போதுதான் ஆள் டாக்டரைத் தேடி வருவார். கொஞ்ச நாள்ல ஓரளவு தணியறது இயல்பு. எவ்வளவு தணியும்னு மூணாவது குழு இருந்தாத்தான் அளக்க முடியும்.

சரி, அந்த அரை மணி நேரம்தான் மருந்தா? கோவால நடந்த மானஸ் ஆய்வு (2010) ஒரு துப்பு கொடுக்குது. அங்க ஆய்வுக்கு எடுத்தது மனச்சோர்வும் பதற்றமும். ஆனா அவங்களும் பெரும்பாலும் உடம்பு வலி, அசதின்னுதான் வருவாங்க. உள்ளூர்க்காரர் ஒருத்தருக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகரா உட்கார வச்சாங்க. டாக்டரும், வந்து போகிற மனநல மருத்துவரும் அவரும் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்த்துக்கிட்டாங்க. கூட்டுக் கவனிப்புன்னா இதுதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஆறு மாசத்துல குணமானவங்க 65.9 சதவீதம், ஆலோசகர் இல்லாத இடத்துல 42.5. தனியார் டாக்டர்கள்கிட்ட ஆலோசகர் இருந்தா 64.1, இல்லாட்டி 65.9. அதாவது, பிரயோஜனமே இல்ல.

எல்லாரும் முதல் ஜோடி எண்ணைத்தான் மேற்கோள் காட்டறாங்க. எனக்கு ரெண்டாவது ஜோடிதான் முக்கியம். பழக்கமான குடும்ப டாக்டர் ஏற்கனவே கொடுத்துக்கிட்டு இருந்ததை, அது இல்லாத இடத்துல ஆலோசகர் கொடுத்திருக்கார் போல. இது என் ஊகம். ஆனா இலங்கை முடிவோட ஒத்துப் போகுது. எந்த உத்திங்கறதை விட, ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்கறதுதான் வேலை செய்யுது.

இன்னொரு எச்சரிக்கையும் வேணும். 1838ல தொடங்கின நெய்யூர் ஆஸ்பத்திரியில, எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் குடல்புண் அறுவைக்குப் பேர் போனவர். அந்தக் குடல்புண்ணுக்குக் கவலையும் மன அழுத்தமும்தான் காரணம்னு உலகமே ரொம்ப காலம் நம்பிச்சு. 1982ல ஆஸ்திரேலியாவுல வாரனும் மார்ஷலும் அதுக்குப் பின்னால ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. 2005ல நோபல் பரிசு. ஆகவே 'காரணம் பிடிபடல'ங்கறதுக்கு 'எல்லாம் மனசுலதான்'னு அர்த்தம் கிடையாது. இன்னைக்குப் பிடிபடல, அவ்வளவுதான். நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிற ஒருத்தர் இருந்தா, நாளைக்குப் புதுசா ஒரு அறிகுறி தலைகாட்டினாலும் அவர் கண்ணுல படும். டாக்டருக்கு டாக்டர் மாறி அலையறவருக்கு அந்த வாய்ப்பே இல்ல.

2021லருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருது. பட்டியல் வச்சு ஒருத்தரை மாசா மாசம் பார்க்கிற ஏற்பாடு நம்மகிட்ட இருக்குன்னு அர்த்தம். அதே ஏற்பாட்டுல இந்த ஃபைல் கட்டு ஆட்களையும் சேர்த்து, குமரி மாவட்டத்துல சில சுகாதார நிலையங்கள்ல மட்டும் ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம். இந்தத் தடவை வழக்கமான கவனிப்பையும் ஒரு குழுவா வச்சு, வலி எவ்வளவு குறைஞ்சதுங்கறதோட ஸ்கேனுக்குச் செலவான காசையும் எண்ணணும். நம்ம ஊர்ல கடன் வாங்க வைக்கிறது அந்தக் காசுதானே.