வாசலில் நின்ற வீரன்

விளையாட்டைப் பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடலாம். பாத்திரப் படைப்பு பற்றி நாம் பேசிவருவதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கு ஒரு விளையாட்டில்தான் தெரிந்தது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். நடுவர் நிலைமையைச் சொல்லச் சொல்ல, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். போர் விளையாட்டுகளில் படைகளை நகர்த்தியவர்கள் ஒற்றை ஆளை நகர்த்த ஆரம்பித்ததில் பிறந்தது இது. கைகாக்ஸ் இன்ஷூரன்ஸில் வேலை பார்த்தவர். முதல் விதிகளின்படி, பாதாள அறைகளிலிருந்து எடுத்துவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. அனுபவத்தை இப்படிக் காசாக எண்ணுவது வங்கி கிளார்க்கான எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

கல்லாவியில் என் வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் இதை ஆடினோம். ஓசூரிலிருந்து புத்தகம் கொண்டுவந்த நண்பரே நடுவர். ஒருவர் அங்கே தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். அவருக்குப் பாத்திரம் ஒரு எண் அட்டவணை. தப்பில்லை, விதிப்புத்தகமே பாதி அப்படித்தான். நான் குற்றவுணர்வுள்ள ஒரு திருடனைப் படைத்து, ஒவ்வொரு செயலுக்கு முன்னும் தயங்கினேன். ஆங்கில பி.ஏ. படித்த கோளாறு.

மூன்றாமவர் பாரதக் கூத்தில் பீமன் கட்டுபவர். தன் பாத்திரம் யார் மகன், எந்த ஊர், யார் எதிரி என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, திரைக்குப் பின்னாலிருந்து வருகிறவர் மாதிரி, தன்னைத்தானே அறிவித்துக்கொண்டார். எது லாபம் என்று அவர் யோசித்ததே இல்லை. "இந்த ஆள் ஓடமாட்டான்" என்பார், அவ்வளவுதான். இதைக் கற்பனை வறட்சி என்று முதலில் நினைத்தேன். படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன என்பதல்ல, அவன் அவனாக எப்படி நிற்கிறான் என்பதே அங்கே காட்சி. மூன்றாவது வாரம் அவர் பாத்திரம் ஓடாமல் நின்று செத்தது. அவருக்குத் திருப்தி. துக்கம் எனக்குத்தான்.

நாலாமவர் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த இளைஞர். எங்களில் மிகப் பலசாலியான பாத்திரம் அவருடையது. கையில் வாள். ஒரு கிராமத்துப் பெரியவரிடம் வழி கேட்க வேண்டிய கட்டம். வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்றார் நடுவர். நான் உள்ளே போனேன், ஆபரேட்டரும் போனார். அவர் சொன்னார்: "நான் வாசல்லயே நின்னு கூப்பிடறேன்."

"தம்பி, நீதான் பெரிய வீரனாச்சே?"

"வீரன்னு அவங்களுக்கு எப்படிச் சார் தெரியும்?"

நடுவர் பக்கங்களைப் புரட்டினார். பூட்டிய கதவை உடைக்கப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று அதில் இருக்கிறது. திறந்த கதவுக்கு விதி இல்லை.

பாத்திரத்தின் சுதந்திரமான தேர்வு என்று நான் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறேன். வாசலில் தயங்கும் ஒரு கதாநாயகனைப் பற்றி, தயக்கத்துக்குப் பிரதியில் ஆதாரம் இல்லை, இது உருவக் குறை என்று ஒரு மதிப்புரையில் தீர்ப்பும் சொன்னேன். ஆதாரம் அந்த வாசலிலேயே இருந்தது. நான் எந்த வாசலிலும் நின்றதில்லை என்பதால் அது என் கண்ணில் படவில்லை. பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை என்ற நம் கறார்த்தனம் யாருடைய சௌகரியம் என்பதை நம் வட்டத்தில் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

அடுத்த ஞாயிறு நடுவர் கதையைச் சற்றே மாற்றினார். பெரியவரே எழுந்து வந்து, வீரனைக் கைபிடித்து உள்ளே அழைத்தார். இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க இரக்கப்பட்டுச் சொல்றீங்க சார். உருட்டியே பாத்துடலாம்" என்று பகடையை எடுத்தார்.