28 சதவீதம்: ஓர் எண்ணின் தகுதி

அமெரிக்க வழக்கறிஞர்களின் மனநலம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் 28 சதவீதம் என்ற எண் வந்து நிற்கிறது. பேட்ரிக் கிரிலும் அவருடன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு தந்த எண் அது. பங்கேற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். லேசானது முதல் கடுமையானது வரை எல்லாம் சேர்ந்த கணக்கு. 20.6 சதவீதத்தினரிடம் சிக்கலான குடிப்பழக்கம். 2017-இல் தேசியப் பணிக்குழு ஒன்று தொழில் முழுமைக்கும் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தபோது இந்த ஆய்வையும் சான்றாகக் கொண்டது. அவ்வளவு பாரத்தை ஆய்வு தாங்குமா?

அளவில் பெரியது: 19 மாநிலங்கள், 12,825 பேர். கருவிகளும் தேறியவை, குடியை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள், மனநிலைக்கு 21 கேள்விகள். ஆனால் எண்ணிக்கை பெருகுவதால் மாதிரி சரியாகிவிடாது. வழக்கறிஞர் சங்கங்கள் வழியாக அழைப்பு போனது, விரும்பியவர்கள் பதிலளித்தார்கள். வேதனையில் இருப்பவர்கள் பேச முன்வந்தார்களா, வேதனை முற்றியவர்கள் அழைப்பைத் திறக்கவே இல்லையா? பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆய்வுக்குள்ளிருந்து சொல்ல வழியில்லை.

இந்தக் குறையை நேராகத் தொட்டவர்கள் யாயிர் லிஸ்டோகினும் ரேமண்ட் நூனனும். அரசின் தேசிய சுகாதார நேர்காணல் கணக்கெடுப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஆண்டுக்கு 100 முதல் 200 வழக்கறிஞர்களே அகப்படுவதால் பல ஆண்டுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனநோயின் விகிதம் முந்தைய ஆய்வுகள் சொன்னதைவிட மிகக் குறைவு. குடி மட்டும் இங்கும் அதிகம். மாதிரியில் இவர்கள் கை ஓங்குகிறது. ஆனால் வீடு தேடி வந்த அரசுப் பணியாளர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, நம்பிக்கையிழந்து கிடப்பதை ஒரு வழக்கறிஞர் ஒப்புக்கொள்வாரா? உதவி நாடாததற்கு முதற்காரணம் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமே என்று கிரிலின் ஆய்வு காட்டியிருக்கிறது. பெயர் சொல்லாமல் பதிலளிக்க வைத்த அவருடைய முறைக்கு அதுவே வலுவான வாதம்.

ஆய்வின் உண்மையான சாதனை அதிகம் மேற்கோள் காட்டப்படாத இடத்தில் இருக்கிறது. தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடக் குடிச்சிக்கல் கூடும் என்று 1990-இல் வாஷிங்டன் மாநில ஆய்வு சொன்னது. கிரில் அதைத் தலைகீழாக்கினார்: முதல் பத்தாண்டில் இருப்பவர்களிடம்தான் சிக்கல் மிகுதி, அதிலும் நிறுவனங்களின் இளநிலை வழக்கறிஞர்களிடம். ஒரே மாதிரிக்குள் செய்த ஒப்பீடு என்பதால் மாதிரிக் கோணல் இதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் போதைச் சிக்கலை ஒப்புக்கொண்டவர்களில் கால்பங்குக்கு மேற்பட்டவர்கள், அது சட்டக் கல்லூரிக்கு முன்பே தொடங்கியது என்றார்கள். எல்லாப் பழியையும் அலுவலகத்தின் மேல் போடுவோர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குடி பற்றிய முடிவு இரண்டு வழியிலும் நிலைக்கிறது. இளையவர்கள் பற்றியது நம்பத்தக்கது. 28 சதவீதத்தை மொத்தத் தொழிலின் அளவாகச் சொல்வதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.